மலையே, நீங்க முதல்ல!

பீர்கூஹ் மலை கடைசியாக வெடித்து ஏழாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அது அடுத்து எப்போது வெடிக்கும் என்று சொல்வதற்காக மாவட்டத் தலைநகரில் ஒரு நிறுவனம் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டில் எது அதிக ஆழமாகத் தூங்குகிறது என்று கேட்டால், மலையடிவாரத்துக் கர்மாப்தே ஊரில் யாரும் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டார்கள்.

யதுல்லா அந்த ஊரின் ஆண்கள் வெந்நீர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். வயது ஐம்பத்தாறு. தினமும் காலையில் ஊற்றுக்கண்ணில் ஒரு முட்டையை நூல்பையில் கட்டித் தொங்கவிடுவார். படிகளைத் தேய்த்துக் கழுவி, குளிக்க வருகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிவப்புக் கட்டம் போட்ட துண்டுகளை மடித்து வைத்துவிட்டு வந்தால் முட்டை வெந்திருக்கும். முப்பது நிமிடம். அவருடைய அப்பா குளத்தை நடத்திய காலத்திலும் அதே முப்பது நிமிடம்தான். போன இலையுதிர் காலத்தில் அது இருபதாயிற்று. பனி விழுந்தபோது பதினைந்து. நவ்ரோஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒன்பதே நிமிடத்தில் முட்டை கல்லு மாதிரி ஆகியிருந்தது.

முட்டை போனால் போகிறது. குளத்து நீரை ஆற்றுவதற்கு ஓடையிலிருந்து பச்சைத் தண்ணீர் விடும் மடை ஒன்று உண்டு. முன்பெல்லாம் அதை நாலு விரல் திறந்தால் போதும். இப்போது முழுக்கத் திறந்தும் குளத்தில் கால் வைக்க முடியவில்லை. வைத்துப் பார்த்த யதுல்லாவின் குதிகாலில் ஒரு கொப்புளம், பேரீச்சம்பழம் அளவுக்கு.

"மூடித் தொலைங்களேன். நவ்ரோஸுக்கு பஸ் பஸ்ஸா ஜனம் வரும். எவனாவது வெந்து போனா அவன் பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிப்பீங்க?" என்றாள் அவர் மனைவி கோஹர், கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டே.

"மூடினா குத்தகை போயிடும் கோஹர் ஜான். அப்புறம் நாம எதைத் திங்கறது?"

அதுதான் சிக்கல். பண்டிகையின் பதின்மூன்று நாளும் குளத்தை மூடக்கூடாது, மூடினால் குத்தகை ரத்து என்று பத்திரத்தில் இருந்தது. ஒரே ஒரு விலக்கு: மலை விழித்துக்கொண்டது என்று முன்னறிவிப்பு நிறுவனம் கடிதம் கொடுத்தால் மூடலாம். வேறு யார் சொன்னாலும் செல்லாது. மலையே இறங்கி வந்து சொன்னாலும் செல்லாது.

யதுல்லா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கடிதம் வாங்க டவுனுக்குப் பஸ் ஏறினார்.

நிறுவனத்தின் வாசற்கதவைப் பார்த்ததும் அசந்துபோனார். லாரியே நுழையலாம், அவ்வளவு அகலம். உள்ளே மேசை போட்டிருந்த குமாஸ்தா பெருமையோடு விளக்கினார்.

"முன்னாடி இது ஒரு ஆள் நுழையற கதவுதான். நம்ம கமிட்டில மூணு பெரியவங்க. மூணு பேரும் வாசல்ல நின்னு 'நீங்க முதல்ல', 'ஐயோ, நீங்க முதல்ல'ன்னு சொல்லிச் சொல்லி, உள்ள வரும்போது மணி பதினொண்ணு ஆயிடும். அதான் சுவரை இடிச்சுப் பெருசாக்கிட்டோம். இப்ப மூணு பேரும் தோளோட தோள் சேர்ந்து உள்ள வந்துடலாம்."

இருபத்திரண்டு ஆண்டுகளில் நிறுவனம் கண்ட அறிவியல் முன்னேற்றம் இது ஒன்றுதான் என்பது யதுல்லாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

குமாஸ்தா டீயைக் கொண்டுவந்து எதிரில் வைத்து, "சாப்பிடுங்க" என்றார். யதுல்லா, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். "சிரமமா! சாப்பிடுங்க" என்றார் குமாஸ்தா. "உங்க கை வலிக்கக் கூடாது, வேணாங்க" என்றார் யதுல்லா. மூன்றாவது தடவை கேட்டதும் எடுத்துக் குடிக்க வேண்டியதுதான்; மானமுள்ள எவனும் மூன்றாவது தடவைக்கு முன்னால் குடிப்பதில்லை. அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. குமாஸ்தா பேசப் போனவர் மூன்றாவது தடவை கேட்க வரவே இல்லை. கண் முன்னாலேயே டீ ஆறி ஆடை கட்டியது. யதுல்லா தொண்டை வறண்டு உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் டாக்டர் மொஹ்தஷமின் அறையில் இருபத்திரண்டு சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'பீர்கூஹ் மலை இந்த ஆண்டு வெடிக்காது.'

"பார்த்தீங்களா?" என்று டாக்டர் கையை வீசிக் காட்டினார். "இருபத்திரண்டு கணிப்பு. ஒண்ணாவது தப்பாச்சா? ஜப்பான்காரனைக் கேளுங்க, இத்தாலிக்காரனைக் கேளுங்க. அவங்க கணிப்பு பாதி தப்பும். ஏன்? அவசரம். வெடிக்கும்னு சொல்லிடறாங்க. நாங்க அந்தத் தப்பைப் பண்றதே இல்லை."

"டாக்டர் ஐயா, முட்டை ஒம்பது நிமிஷத்துல வேகுது."

"என்ன முட்டை?"

"கோழி முட்டைதாங்க."

"முட்டை ஒரு கருவி இல்லை, தம்பி. எங்ககிட்ட கருவி இருக்கு." ஒரு மூலையைக் காட்டினார். பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா ஜாடி வைத்து ஒரு பெட்டி இருந்தது. துணியை விலக்கினால் நில அதிர்வைக் குறிக்கும் ஊசி, தாளில் நேர்கோடு போட்டுக்கொண்டிருந்தது. கோடு என்றால் அப்படி ஒரு கோடு. அளவுகோல் வைத்துப் போட்டாலும் அவ்வளவு நேராக வராது.

"பாருங்க, என்ன நிம்மதி! இடையில கொஞ்ச நாள் இந்த ஊசி சரியில்லை. இலையுதிர் காலத்துலேர்ந்து ஒரே ஆட்டம், ராத்திரி பகல் பார்க்காம. தாளெல்லாம் வீணாச்சு. மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திருகாணியை இறுக்கச் சொன்னேன். இப்ப பிரச்சனையே இல்லை."

யதுல்லா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். "ஐயா, அது மலை ஆடினதா இருக்குமோ?"

"இருக்கலாம். ஆனா வெள்ளிக்கிழமையும் ஆடிச்சே! வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. அன்னிக்கு நடக்கறது எங்க அதிகாரத்துல வராது."

ஆனாலும் யதுல்லா விடவில்லை. நாலு நாள் பஸ் ஏறி வந்து அந்த ஆறின டீயின் எதிரிலேயே உட்கார்ந்தார். தொல்லை தாங்காமல் நிறுவனம் கமிட்டியைக் கூட்டியது. மலையை 'உறங்குவது' என்ற பட்டியலிலிருந்து 'விழிப்பது' என்ற பட்டியலுக்கு மாற்றும் படிவம் மேசை மேல் வைக்கப்பட்டது. மூன்று கையெழுத்து வேண்டும், அதுவும் ஒரே அமர்வில். முதல் கையெழுத்தை மூத்தவர் போட வேண்டும்.

யார் மூத்தவர்? டாக்டர் மொஹ்தஷம் பதவியில் மூத்தவர். இன்ஜினியர் பராசந்தே பணிக்காலத்தில் மூத்தவர். பேராசிரியர் கியானி வயதில் மூத்தவர்.

"ப்ரொஃபஸர் இருக்கும்போது நான் பேனாவைத் தொடுவேனா?" என்று டாக்டர் பேனாவை நகர்த்தினார்.

"உங்க காலடித் தூசு நான். நம்ம இன்ஜினியர் போடட்டும்" என்றார் பேராசிரியர்.

"என் கண்ணு மேல உங்க பாதம்! இந்தக் கை முதல்ல கையெழுத்துப் போட்டா அப்புறம் எதுக்கு இந்தக் கை? டாக்டர்தான் போடணும்."

பேனா மேசையைச் சுற்றி வந்தது. பதினோரு சுற்று வரை யதுல்லா எண்ணினார். பிறகு மதியத் தொழுகை வந்தது. பிறகு சாப்பாடு வந்தது. கெபாபில் முதல் துண்டை யார் எடுப்பது என்பதில் அதுவும் ஆறியது. மாலை நாலு மணிக்கு அமர்வு கலைந்தது. படிவத்தைக் குமாஸ்தா இழுப்பறையில் வைத்தார். உள்ளே இதே மாதிரி வேறு படிவங்களும் கிடந்தன. எல்லாம் வெற்றுத் தாள். ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி. யாரோ ஒரு காலத்தில் பேனாவை வைத்துவிட்டு வெட்கப்பட்டு எடுத்திருக்கிறார்.

இதற்குள் கர்மாப்தே குளம் கொதிக்கிறதாம் என்று செய்தி பரவி, விடுதிக்காரர்கள் கொதித்தார்கள். வதந்தியை ஒழிக்க டாக்டர் மொஹ்தஷம் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தார்: "மலை அமைதியா இருக்கு. பண்டிகையோட பதின்மூணாவது நாள் நாங்க மூணு பேரும் அந்தக் குளத்துல இறங்கிக் குளிச்சுக் காட்டறோம். எங்களுக்கு அப்புறம் பொதுமக்கள் இறங்கலாம்."

"போச்சு, எல்லாரும் வெந்துதான் வரப்போறாங்க" என்றாள் கோஹர்.

பன்னிரண்டு நாள் குளத்தை யதுல்லா மூடவில்லை, திறக்கவுமில்லை. படி வழுக்குகிறது, துண்டு காயவில்லை என்று ஏதேதோ சொல்லி வந்தவர்களை ஓடைக்கரைக்குத் திருப்பி அனுப்பினார். பதின்மூன்றாம் நாள் அது நடக்காது. வழக்கப்படி வீட்டுக்குள் யாரும் இருக்கக்கூடாத நாள் அது. நாடே பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே கிளம்பும். நாலு பஸ் நிறைய ஆட்கள் வந்து குளத்தின் வாசலில் துண்டும் கையுமாக நின்றார்கள். தோளில் பிள்ளைகள். அன்று காலை முட்டை ஏழு நிமிடம்.

மூன்று பெரியவர்களும் குளத்தறைக்குள் வந்தார்கள். வந்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அந்தக் கதவு குனிந்து நுழைய வேண்டிய, ஒரே ஆள் அகலக் கதவு. இருபது நிமிடம் ஆயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் யதுல்லாவின் மண்டையில் உறைத்தது. குளத்தில் இறங்கும் படியும் ஒரே ஆள் அகலம்தான்.

மூவரும் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு படியருகே நின்றார்கள். கேமராக்காரன் கேமராவைத் தோளில் ஏற்றினான். ஆவியில் எதிர்ச் சுவர் தெரியவில்லை.

"தண்ணி கொதிக்குதுங்க ஐயா" என்று யதுல்லா கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"வெந்நீர்க் குளம்னா ஐஸ் தண்ணியா இருக்கும்? ப்ரொஃபஸர், நீங்க முதல்ல."

"நானா? டாக்டர் இருக்கும்போதா? சாத்தியமே இல்லை."

கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. ஆனால் வெறும் துண்டோடு நிற்கிற மனிதனுக்கு உபசாரம் சீக்கிரம் அலுத்துவிடும் போலிருக்கிறது. "சரி, உங்க உத்தரவு" என்று பேராசிரியர் ஒரு காலைத் தூக்கிவிட்டார். யதுல்லா அவசரமாக ஒரு அடி முன்னால் வந்தார்.

"ப்ரொஃபஸர் ஐயா, மன்னிக்கணும். இன்ஜினியர் ஐயா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவர்னு கேள்விப்பட்டேன்..."

தூக்கின கால் அப்படியே திரும்பி வந்தது. "அட, ஹாஜி! ஹாஜியை நிறுத்தி வெச்சுட்டு நான் இறங்கறதா? என்னைப் பாவி ஆக்காதீங்க. நீங்கதான் முதல்ல!"

இன்ஜினியர் எட்டுத் தடவை மறுத்துவிட்டுக் காலை எடுத்தார்.

"ஆனா ப்ரொஃபஸர் ஐயா உங்களுக்கே பாடம் சொல்லிக் குடுத்தவராமே?" என்றார் யதுல்லா.

"ஆமா! குருவுக்கு முன்னாடியா? ஐயையோ!"

பேராசிரியர் இறங்கப் போனபோது, டாக்டருக்குப் பேரன் பிறந்திருப்பது யதுல்லாவுக்கு நினைவு வந்தது. தாத்தா ஆனவருக்குத்தான் முதல் மரியாதை. டாக்டர் இறங்கப் போனபோது, இன்ஜினியர் தூரத்து ஊர்க்காரர், விருந்தாளி மாதிரி என்பது நினைவு வந்தது. காரணம் தீர்ந்தபோது வெட்கத்தை விட்டு, "டாக்டர் ஐயாவோட துண்டுதான் புதுசு" என்றுகூடச் சொன்னார். அதுவும் செல்லுபடியாயிற்று. வாசலில் ஜனம் பொறுமை இழந்து கூச்சல் போட்டது. குளத்தின் அடியில் ஏதோ உருள்வது போல ஒரு சத்தம் யதுல்லாவின் உள்ளங்காலுக்குக் கேட்டது.

நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. "ஐயா, பாட்டரி தீரப்போகுது. யாராவது ஒருத்தர் இறங்குங்க" என்றான் கேமராக்காரன்.

கேமரா நின்றுவிடும் என்றதும் டாக்டர் மொஹ்தஷம் மரியாதையை மறந்து படிக்குப் பாய்ந்தார். யதுல்லாவிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு கையாலும் இயக்குநரின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்.

"யோவ் டாக்டர்! இறங்கினா வெந்து செத்துடுவய்யா!"

 இருபத்திரண்டு ஆண்டுகளில் டாக்டரை யாரும் ஒருமையில் பேசியதில்லை. "என்ன சொன்னே?" என்று அவர் திரும்பினார்.

அப்போது குளம் ஒரு விக்கல் விக்கியது. தண்ணீர் மொத்தமும் அடியில் இருந்த பிளவுக்குள் மடமடவென்று இறங்கி மறைந்தது. வெற்றுத் தரையைப் பார்த்து எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். போன தண்ணீர் பிறகு கூரையைப் பிய்த்துக்கொண்டு, சேறும் கல்லும் ஆவியுமாக வானத்துக்குக் கிளம்பியது.

அன்றுதான் டாக்டர் மொஹ்தஷம் ஒரு கதவின் வழியாக முதல் ஆளாக வெளியேறினார். துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. கேமராக்காரன் இரண்டாவது. மற்ற இருவரும் பழக்க தோஷத்தால் கதவருகே ஒருவரையொருவர் பார்த்துக் கையை நீட்டினார்கள். யதுல்லா இருவரையும் பின்னாலிருந்து உதைத்து வெளியே தள்ளினார். வாசலில் நின்ற ஜனம் அதற்குள் பஸ்களை நோக்கி ஓடியிருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. யதுல்லா சுவரோரம் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்.

நிறுவனம் அழவில்லை. மூன்றாம் நாளே விழா எடுத்தது.

"நாங்கள் அன்று ஏன் நாற்பது நிமிடம் தண்ணீரில் இறங்கவில்லை?" என்று டாக்டர் மேடையில் கேட்டார். "பயமா? இல்லை. கணிப்பு! நாற்பது நிமிட முன்னறிவிப்பு. உலகத்தில் எந்த நிறுவனமும் எரிமலை விஷயத்தில் இவ்வளவு துல்லியமாக, துண்டு மட்டும் கட்டிக்கொண்டு கணித்ததில்லை."

யதுல்லா கேட்ட கடிதமும் வந்தது. குளத்தை மூட அனுமதி உண்டு. ஆனால் இல்லாத குளத்தை மூட விதியில் இடமில்லை. ஆகவே குத்தகைக்காரர் குளத்தை முதலில் பழையபடி கட்டி, திறந்து, பிறகு மூடுவதற்கு விண்ணப்பிக்கலாம். கட்டாவிட்டால் குத்தகை ரத்து. கீழே டாக்டரின் கையெழுத்துக்குப் பதிலாக, இயக்குநரை ஒருமையில் பேசியதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு.

யதுல்லா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முட்டையை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கண்ணுக்குப் போனார். ஊற்றில் தண்ணீர் இல்லை, ஆவி மட்டும். முட்டையைத் தரையில் வைத்தார். தரையிலேயே அது வெந்தது.

அதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய், வெந்த முட்டையை உரித்துக் காட்டி, "கிளம்புங்க" என்றார். கோஹர் கோழிக்கூண்டைத்தான் முதலில் ஏற்றினாள். மறுநாள் நண்பகலுக்குள் பதினோரு லாரிகளில் கர்மாப்தே மொத்தமும் மலையைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி லாரியில் ஆடுகள்.

பாதி வழியில் ஒரு பாலம். ஒரு வண்டிதான் போகலாம். எதிர்ப்புறத்திலிருந்து நிறுவனத்தின் ஜீப் வந்து நின்றது. பெரியவர்கள் மூவரும் இறங்கினார்கள். பேராசிரியரின் கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட இருபத்து மூன்றாவது சான்றிதழ்: 'பீர்கூஹ் மலை இந்த ஆண்டும் வெடிக்காது.' அடியில் மூன்று கையெழுத்து, யாரும் முதல் ஆள் ஆகிவிடாதபடி வட்டமாகப் போட்டிருந்தார்கள். கையெழுத்துச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள். ஊரில் மாட்டுவதற்கு எடுத்துப் போகிறார்கள்.

டாக்டர் கையை நீட்டிக் குனிந்தார். "நீங்க முதல்ல."

வழக்கப்படி யதுல்லா, "ஐயோ, நீங்க முதல்ல" என்றிருக்க வேண்டும்.

"ரொம்ப நன்றி" என்றார் யதுல்லா. லாரி பாலத்தில் ஏறிக் கடந்தது. டாக்டரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அவர் வாழ்நாளில் அந்த உபசாரத்தை ஒருவரும் ஏற்றுக்கொண்டதில்லை. பின்னால் வந்த லாரிகளும் நன்றி சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கடக்கத் தொடங்கின.

"அவங்களை விட்டுட்டா போறோம்?" என்று கேட்டாள் கோஹர்.

யதுல்லா வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். "கடைசி லாரில ஏறிக்கங்க டாக்டர்! மேல போகாதீங்க!"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்!" என்றார் டாக்டர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

இப்படிப்பட்டவர்களை மூன்று தடவை கேட்க வேண்டும். யதுல்லாவுக்கு அதற்குப் பொறுமை இல்லை, வண்டியைக் கிளப்பினார். இரண்டாவது தடவை மலை கேட்டது. பாலத்தின் கைப்பிடி தடதடவென்று ஆடியது, சான்றிதழின் கண்ணாடி விரிசல் விட்டது. "பரவாயில்லைங்க" என்பது போல மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது தடவையும் மலைதான் கேட்டது. சத்தம் அடங்கியபோது மூவரும் கடைசி லாரியில் ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். யார் முதலில் ஏறினார்கள் என்று ஆடுகளுக்கும் தெரியாது.